தோளில் ஒட்டிய மாவு

ரயிலில் தூங்குகிறவர்களை எனக்கு எப்போதும் பிடித்ததில்லை. இதைச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தான் என்று நீங்கள் நினைக்கலாம், ஐயா. இதிலிருந்து ஆரம்பித்தால்தான் மற்றது உங்களுக்குப் புரியும்.

நீங்கள் என்னைக் கூப்பிடவில்லை. நானாகத்தான் வந்திருக்கிறேன். பாலத்திலிருந்து விழுந்து செத்துப்போன பேக்கரிக்காரனைப் பற்றி நான் முன்பு கொடுத்த வாக்குமூலத்தில் ஒரு தவறு இருக்கிறது. எடைக்கற்களையும் தராசுகளையும் சோதித்து முத்திரை குத்தும் அலுவலகத்தில் வேலை பார்ப்பவன் நான். மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் எனக்கு உறுத்தும். அதனால் வந்தேன்.

ரயிலைப் பற்றி எனக்குப் புகார் கிடையாது. ஜன்னலோரம் இடம் கிடைத்து, காற்றும் முகத்தில் அடித்தால், அதைவிடச் சுகமான பயணம் வேறு இல்லை. சாலையில் போகிறவன் புகையைக் குடித்துக்கொண்டு நிற்கும்போது நாம் பாட்டுக்குப் போய்க்கொண்டிருப்போம். ரயிலில் கெட்டது ஒன்றுதான். மனிதர்களையும் ஏற்றுகிறார்கள்.

நீங்கள் சீருடையில் போகிறவர், உங்களுக்கு யாராவது இடம் கொடுத்துவிடுவார்கள். எங்கள் பெட்டியில் வந்து பாருங்கள். ஒருவன் கைக்குட்டையைப் போட்டு நான்கு பேருக்கு இடம் பிடிப்பான். ஒருத்தி தன் மாமியாரின் மூட்டுவலியை அலைபேசியில் பெட்டி முழுக்க ஒலிபரப்புவாள். எதிர் இருக்கையில் காலைத் தூக்கிப் போடுகிறவன், நகம் வெட்டுகிறவன், அடுத்தவன் செய்தித்தாளை அவன் பக்கத்தைத் திருப்புவதற்கு முன்பே படித்து முடிக்கிறவன் என்று எல்லாரும் உண்டு. இவர்களையெல்லாம்கூட நான் சகித்துக்கொள்வேன். குறைந்தபட்சம் விழித்திருக்கிறார்கள் அல்லவா. தூங்குகிறவன்தான் வெட்கம் கெட்டவன். வாயைப் பிளந்துகொண்டு, எச்சில் ஒழுக, முன்பின் தெரியாதவன் மேல் தலையைச் சாய்த்துவிட்டு, தன் பொறுப்பையெல்லாம் ஊரார் தலையில் கட்டிவிடுகிறான்.

பேக்கரிக்காரன் அந்த ரகம். விடியும் முன்பே அடுப்படிக்குப் போகிற வேலையாம். சாயங்கால வண்டியில் என் பக்கத்தில் உட்கார்ந்ததும் அவன் சொல்கிற முதல் வார்த்தை, "அண்ணே, ஸ்டேஷன் வந்தா எழுப்பி விட்டுடுங்க." நான் எப்போது அவனுக்கு அண்ணன் ஆனேன் என்று தெரியவில்லை. நான் பதில் சொல்வதற்குள் தலை என் தோளில் இருக்கும். தலைமுடியில் இருக்கும் மாவு என் சட்டையில் ஒட்டும். வீட்டுக்குப் போனால் என் மனைவி, "இன்னைக்கும் உங்க தம்பி தூங்கினாரா?" என்று கேட்டுச் சிரிப்பாள்.

தள்ளி உட்காரலாமே என்பீர்கள். உட்கார்ந்து பார்த்தேன். அவன் வந்து பக்கத்தில் உட்காருவான். "உங்க பக்கத்துலதான் அண்ணே நிம்மதியா தூக்கம் வருது," என்பான். எதிரில் உட்காரும் நர்ஸம்மா இதைக் கேட்டு உருகிப்போவாள். "சார் கொடுத்து வச்சவர். ரயில்லயே ஒரு தம்பி கிடைச்சிருக்கார்," என்று பெட்டிக்கே சொல்வாள். அந்த அம்மாளுக்கு ஊரில் யார் யாருக்கு என்ன உறவு என்று முடிவு செய்வதுதான் முழுநேர வேலை. ஊசி போடுவது பகுதிநேரம்.

ஒரு நாள் நான் அவனை எழுப்பவில்லை. வேண்டுமென்றேதான். அவன் ஸ்டேஷன் வந்தது, போனது. நான் என் ஸ்டேஷனில் இறங்கிப் போய்விட்டேன். வண்டி கடைசியாக நிற்கிற இடம் வரைக்கும் போயிருக்கிறான். திரும்பி வர வண்டி இல்லாமல் பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்திருந்தானாம். மறுநாள் சண்டைக்கு வருவான், அதோடு இந்தச் சனியன் விட்டது என்று நினைத்தேன். அவன் சிரித்துக்கொண்டே வந்தான். "நேத்து செத்த பிணம் மாதிரி தூங்கிட்டேன் போல. நீங்க எவ்வளவு எழுப்பினீங்களோ, பாவம். மன்னிச்சுக்கங்க அண்ணே," என்றான்.

ஐயா, அவனை நான் முழுசாக வெறுத்தது அன்றைக்குத்தான். கோபப்படக்கூடத் தெரியாதவனை என்ன செய்வது?

பாலத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவனுடைய ஸ்டேஷனுக்கு முன்னால் ஆற்றுப்பாலம். சாயங்கால வண்டி பெரும்பாலும் பாலத்தின் மேல் சிக்னலுக்காக நிற்கும். பிறகு நகர்ந்து போய் ஸ்டேஷனில் நிற்கும். தினமும் போகிற எங்களுக்கு இது அத்துப்படி. முதலில் நிற்பது பொய், அடுத்து நிற்பதுதான் நிஜம் என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்போம். பாலத்தில் கைப்பிடிச் சுவர் கிடையாது. படியிலிருந்து கால் வைத்தால் கீழே ஆறுதான்.

அன்றைக்கு நல்ல மழை. ஜன்னல்களையெல்லாம் இறக்கிவிட்டிருந்தார்கள். வெளியே ஒன்றும் தெரியாத இருட்டு. நர்ஸம்மா முக்காடு போட்டுக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். பேக்கரிக்காரன் வழக்கம்போல என் தோளில். ஈரத்தில் மாவு பசையாகிச் சட்டையில் அப்பிக்கொண்டிருந்தது. வண்டி நின்றது. அடுத்து நான் பார்த்தபோது அவன் பக்கத்தில் இல்லை. இவ்வளவுதான் முன்பு உங்களிடம் சொன்னேன். நான் கண்ணயர்ந்துவிட்டேன், அவனாக எழுந்து போயிருக்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நீங்களும் கவனக்குறைவு என்று முடித்துவிட்டீர்கள். ஒழுங்காக முடிந்துபோன காரியம்.

போன வாரம் அவன் மனைவியை நர்ஸம்மா எங்கள் பெட்டிக்கு அழைத்து வந்தாள். காலை வண்டி, எல்லாரும் இருந்தார்கள். அந்தப் பெண் ஒரு பையைப் பிரித்து, கழுத்தில் மாட்டிக்கொள்ளும் தலையணை ஒன்றை எடுத்தாள். காற்று ஊதிக்கொள்கிற வகை. உறைகூடப் பிரிக்கவில்லை. அவனுடைய பையிலிருந்ததாம். நீங்கள் திருப்பிக் கொடுத்த பைதான்.

"அன்னைக்குத்தான் வாங்கியிருக்கார் அண்ணே," என்றாள். "உங்க தோள் வலிக்குமேன்னு வீட்டுல புலம்பிக்கிட்டே இருப்பார். இனிமே அண்ணன் மேல சாய மாட்டேன்னு போன்ல சொன்னார். உங்ககிட்டயே இருக்கட்டும்."

கையில் வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்ய முடியும்? இதை ஒரு நாள் முன்னால் வாங்கியிருந்தால் ஒன்றுமே நடந்திருக்காது. வாங்கியதும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்கும் முன்பே தூங்கிவிட்டான். எல்லாவற்றிலும் அவன் அப்படித்தான்.

அதோடு அவள் போயிருக்கலாம். போகவில்லை. "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்கண்ணே. அவர் குடிச்சிருந்தார்னு எங்க வீட்டுப் பக்கம் பேசிக்கிறாங்க. என் நாத்தனாரே அப்படித்தான் சொல்றா. பொண்ணு ஸ்கூலுக்குப் போக மாட்டேங்கறா. நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க. அவரா எழுந்து போனாரா?"

"எனக்குத் தெரியாதும்மா. நான் தூங்கிட்டேன்," என்றேன். உங்களிடம் சொன்னதைத்தானே அங்கேயும் சொல்ல வேண்டும்.

அவள் என் கையைத் தட்டிக்கொடுத்தாள். "பரவால்லண்ணே. நீங்களும் மனுஷன்தானே. மனசுல வச்சுக்காதீங்க."

மன்னிக்கிறாள், ஐயா. என்னை. ரயிலில் தூங்கியதற்காக.

அன்றிலிருந்து பெட்டியில் என் மரியாதை போய்விட்டது. "பாவம், சாரும் அன்னைக்கு அசந்துட்டார். இல்லைன்னா பிடிச்சு நிறுத்தியிருப்பார்," என்று நர்ஸம்மா ஏறுகிற இறங்குகிற எல்லாரிடமும் சொல்கிறாள். காலைத் தூக்கிப் போடுகிறவன்கூட என்னை இரக்கத்தோடு பார்க்கிறான். நேற்றுச் சாயங்காலம் வண்டி பாலத்தில் நின்றபோது நர்ஸம்மா குனிந்து என் முழங்காலைத் தொட்டு, "சார், தூங்கிடலையே?" என்று கேட்டாள். பெட்டியே திரும்பிப் பார்த்தது. இனி தினமும் என்னை அவளே எழுப்பி விடுகிறாளாம். கவலைப்பட வேண்டாமாம்.

தூங்குகிற கும்பலில் என்னையும் ஒருவனாகச் சேர்த்துவிட்டார்கள். பொறுமைக்கும் ஒரு எல்லை உண்டு. அதனால்தான் இன்று விடுப்பு போட்டுவிட்டு வந்தேன்.

எழுதிக்கொள்ளுங்கள். அவன் குடித்திருக்கவில்லை. குடித்திருந்தால் என் மூக்குக்குத் தெரிந்திருக்கும், வெறும் சர்க்கரைப்பாகு வாசனைதான் வந்தது. அவனாக எழுந்து போகவும் இல்லை. வண்டி பாலத்தில் நின்றதும் நான்தான் தோளைக் குலுக்கி எழுப்பினேன். "ஸ்டேஷன் வந்துடுச்சு," என்றேன். அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு பையைத் தேடினான். பையை நானே எடுத்துக் கொடுத்தேன். கதவுப் பக்கம் போனவன் இருட்டைப் பார்த்து ஒரு கணம் தயங்கினான். திரும்பி, "கரண்ட் இல்ல போலிருக்கே அண்ணே?" என்றான்.

"ஆமா. சீக்கிரம் இறங்குங்க, வண்டி கிளம்பிடும்," என்றேன்.

"நாளைக்குப் பார்ப்போம் அண்ணே," என்று சொல்லிவிட்டு இறங்கினான். சத்தம்கூட மழையில் கேட்கவில்லை. நான் சட்டையிலிருந்த மாவைத் துடைத்துக்கொண்டேன்.

பாலம் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். இறங்கினால் செத்துப்போவான் என்றும் தெரியும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. நர்ஸம்மாவுக்கும் பெட்டியிலிருக்கிற மற்றவர்களுக்கும் நீங்கள் சொல்லி அனுப்ப வேண்டியது ஒன்றுதான். முதல் வரியாக அதைப் போடுங்கள். அன்றைக்கு நான் முழித்துக்கொண்டுதான் இருந்தேன். ரயிலில் நான் ஒரு நாளும் தூங்கியதில்லை.