மூன்று மார்க் ஷீட்

“பெயிலான மார்க் ஷீட்டையும் சேத்து எடுங்கண்ணே” என்றார் முன்னால் நின்ற ஒரு அம்மா. அவனியாபுரத்து ஜெராக்ஸ் கடை வரிசையில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். பக்கத்தில் அவர் மகள், ஓர் அறக்கட்டளையின் உதவித்தொகை விண்ணப்பத்தோடு நின்றாள். அன்றுதான் கடைசி நாள்.

கடைக்காரர் சிரித்தார். “பாஸானத மட்டும் வைங்கக்கா. இதப் பாத்தா குடுக்க வந்தவுகளும் ஓடிருவாக.”

“அவுக குடுக்கலேன்னா இவ காலேஜுக்குப் போக முடியாது. எனக்குத் தெரியாதா?”

“அப்புறம் எதுக்கு?”

“இவ கணக்குப் பரீச்சைய மூணு தடவ எழுதுனவ. எரநூறுக்கு எழுபது எடுத்தாப் பாஸு. மொதல்ல முப்பத்தெட்டு, அடுத்து அறுபத்தொண்ணு, கடைசியா நூத்தி நாலு. வெறும் நூத்தி நாலக் காட்டுனா இம்புட்டுத்தானாம்பாக. எங்கருந்து ஏறி வந்தான்னு தெரிய வேணாமா?”

“எல்லாரும் பாக்குறாகம்மா” என்றாள் மகள்.

“பாக்கட்டும். எங்க வம்சத்துல பெயிலாகுறதுக்குக்கூட யாரும் பரீச்சை எழுதுனதில்ல.”

வரிசையில் சிலர் சிரித்தார்கள். எங்கள் வீட்டிலும் கல்லூரிக்குப் போகும் முதல் ஆள் நான்தான். கொஞ்சம் நிமிர்ந்து நின்றுகொண்டேன்.

கடைக்காரர் மூன்றையும் பிரதி எடுத்தார். நூற்று நான்கை மேலே வைத்து ஸ்டேப்ளர் பின் அடிக்கப் போனார். மகள் கையை நீட்டித் தடுத்தாள்.

“முப்பத்தெட்டு மேல இருக்கட்டும்ணே. வரிசையாப் படிக்கட்டும்.”