ஹலினாவின் ரிப்பன்

அமைச்சர்: டிக்கியிலேர்ந்து மலர்வளையத்தை எடுத்தது நான்தானே, யூரெக்?

யூரெக்: நீங்களேதான் ஐயா. நான் எடுக்கறேன்னேன். "சுதந்திர தினத்தை டிரைவர் கையில குடுக்க முடியாது"ன்னீங்க.

அமைச்சர்: ரெண்டு வளையம் இருந்துச்சு...

யூரெக்: ஒண்ணு வீரர்களுக்கு. ஒண்ணு, வருஷா வருஷம் போல, உங்க வீட்டம்மா கல்லறைக்கு.

அமைச்சர்: ரெண்டும் ஒரே கடை, ஒரே வெள்ளை சிவப்புப் பூ. மூக்குக்கண்ணாடியும் போடல.

யூரெக்: டிவி கேமரா இருந்தா போட மாட்டீங்களே.

அமைச்சர்: அழகன்னு நினைப்பு... சிப்பாய்ங்க தூக்கிட்டுப் போனாங்க. நான் பின்னாடியே போய், குனிஞ்சு, ரிப்பனை நீவி விட்டு...

யூரெக்: ரொம்ப அருமையா நீவினீங்க ஐயா. ஒரு சுருக்கம் இல்ல. டிவியில எழுத்து எழுத்தாத் தெரிஞ்சுது.

அமைச்சர்: வருஷத்துக்கு நாப்பது நினைவு நாள், பழக்கம்யா! சரி... நாட்டுக்காக உயிரை விட்டவங்களுக்கு அந்த ரிப்பன்ல நான் என்ன சொன்னேன்? சொல்லு.

யூரெக்: வேணாம் ஐயா.

அமைச்சர்: சொல்லு.

யூரெக்: "ஹலினா, இந்த வருஷமும் லேட். மன்னிச்சுக்கோ. உன் காஸிக்."

அமைச்சர்: ...பாதுகாப்பு அமைச்சர் சிரிச்சாரா?

யூரெக்: இருமினார். ரொம்ப நேரம் இருமினார்.

அமைச்சர்: உன் போன் அடிக்குது.

யூரெக்: வீட்டுல ஐயா. சுதந்திர தின விருந்துக்கு வாத்து அடுப்புல இருக்கு, எப்போ வருவேன்னு கேப்பாங்க.

அமைச்சர்: மூணாவது தடவை அடிக்குது. எடேன்.

யூரெக்: ஓட்டும்போது எடுக்கக் கூடாதுன்னு சட்டம். பார்லிமெண்ட்ல நீங்களும்தான் கை தூக்கினீங்க.

அமைச்சர்: எல்லாத்துக்கும் தூக்கியிருக்கேன்... பாலம் வந்துச்சா? ஜன்னலெல்லாம் ஆவி படிஞ்சு ஒண்ணும் தெரியல.

யூரெக்: வரும் ஐயா.

அமைச்சர்: கல்லறைப் பக்கம் வேணாம், பாலத்துக்கு முன்னாடியே திருப்பு. ரெண்டு மணிக்குக் குதிரைப்படை விழா. என்னை இறக்கிட்டு, வழக்கம் போல நீ போய் வச்சிடு.

யூரெக்: டிக்கியில இருக்கற ரிப்பன்ல "வீழ்ந்த வீரர்களுக்கு, பண்பாட்டு அமைச்சர், ஆழ்ந்த மரியாதையுடன்"னு இருக்கு. அதை அம்மா தலைமாட்டுல வைக்கவா?

அமைச்சர்: நாலு வருஷமா அதே வாசகத்தைத்தானே வச்சே.

யூரெக்: ரெண்டுக்கும் ஒரே மாதிரி ஆபீஸ் எழுதிக் குடுத்தது ஐயா.

அமைச்சர்: முதல் வருஷமே என் மக யாகோதா அதைப் பாத்துட்டா. "அம்மா போர்க்களம் இல்லப்பா"ன்னு ஒரு வரி அனுப்பினா. அதோட என்கிட்ட பேசறதை நிறுத்திட்டா... இந்த வருஷம் நானே பூக்கடைக்குப் போன் பண்ணினேன். அந்த ஏழு வார்த்தை எழுத மூணு நாள் ஆச்சு.

யூரெக்: நல்ல வார்த்தைங்க ஐயா.

அமைச்சர்: யாருக்குப் போச்சு பாத்தியா?... ஒண்ணு சொல்றேன், சிரிக்காதே. போன வருஷம் விழா பதினோரு மணிக்கே முடிஞ்சிடுச்சு.

யூரெக்: தெரியும் ஐயா.

அமைச்சர்: உன்னை அனுப்பிட்டு, ஈரக் கோட்டோட ஆபீஸ்ல உட்கார்ந்திருந்தேன். கல்லறைக்கு வர பயம்யா. அங்க பேண்டு கிடையாது. எப்போ குனியணும், எப்போ நிமிரணும்னு சொல்ல ஆள் கிடையாது. தனியா நின்னா எனக்குக் கையை எங்க வச்சுக்கறதுன்னே தெரியாது.

யூரெக்: கோட் பையில வச்சுக்கலாம் ஐயா.

அமைச்சர்: யாகோதா இன்னும் அங்க வர்றாளா? வருஷா வருஷம் கேக்கறேன், நீ மழை பெஞ்சுதுங்கறே, பனி கொட்டுச்சுங்கறே. ஒரு தடவையாவது நேராச் சொல்லு.

யூரெக்: வர்றாங்க ஐயா. நாலு வருஷமும் வந்தாங்க. நான் வளையம் வைக்கறப்போ நீங்க இருக்கீங்களான்னு வண்டிக்குள்ள எட்டிப் பாப்பாங்க, அப்புறம் போயிடுவாங்க. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாங்க. போன் அடிச்சது வீட்டுலேர்ந்து இல்ல, அவங்கதான். நீங்க அமைச்சருங்களுக்குக் கை குடுத்துட்டு இருந்தப்போ ஒரு தடவை எடுத்தேன். டிவியில பாத்தாங்களாம். "ஆபீஸ் எழுதினதா, அப்பா எழுதினதா?"ன்னு கேட்டாங்க. அப்பாதான்னேன். "வெறுங்கையோட வரச் சொல்லுங்க, கல்லறை வாசல்லயே நிக்கறேன்"னாங்க. பாலம் தாண்டி ரொம்ப நேரமாச்சு ஐயா. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கிட்டு வெளிய பாருங்க.