மாற்றி அனுப்பிய தண்ணீர்

"ஹலோ... ஹலோ, ஒருங்கிணைப்பாளர் சாரா? ... நான்தான் சார், டான்ஸ் டிரெஸ் தைக்கிற டெய்லரம்மா. ... ஆமா, ஆமா, உங்க ஸ்கூல் தண்ணி கிளப்புல ஒரு பொண்ணு இருக்காளே, அவ அம்மாதான். ... டிரெஸ் எல்லாம் ரெடி சார், காலையிலயே ஸ்கூல்ல கொண்டுபோய் மாட்டிட்டேன். நீலத் துணியில ஆறு ஓடுற மாதிரியே இருக்கு, கவலப்படாதீங்க. ... இல்ல, நான் கூப்பிட்டது வேற விஷயம். ... தெரியும் சார், நாளைக்கு விழாவுக்கு அந்த வெளிநாட்டுப் பிள்ளைங்க வந்து இறங்குறாங்க, உங்களுக்குத் தலைக்கு மேல வேலை. எனக்கும் கொஞ்சம் வேலை இருக்கு. ஆஸ்பத்திரியில இருக்கேன்."

மாடிப்படிக்குப் பக்கத்தில் ஜன்னலோரமாக நின்றுதான் பேசிக்கொண்டிருந்தாள். உள்ளே கட்டிலில் சின்னவனுக்குக் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. கட்டிலுக்கு அடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு பெரியவள். வாந்தியும் பேதியும் தம்பிக்கு. பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் கிடப்பது அக்கா. அந்த மனிதருக்கோ, டிரெஸ் வந்து சேர்ந்ததா என்கிற கவலை.

"... என் பையனுக்கு சார். ... தண்ணியாலதான்னு டாக்டர் சொல்றாரு. ... என்னது? கொதிக்க வச்சுக் குடிக்கணுமா? அடேயப்பா, இது தெரியாமப் போச்சே எனக்கு! ... கொதிக்க வச்சுத்தான் சார் குடிச்சுக்கிட்டு இருந்தோம். எங்க தெருக் குழாய்ல வர்றது தண்ணியா, கழுவின தண்ணியான்னே சொல்ல முடியாது. கொதிக்க வைக்கிறத எப்போ விட்டோம் தெரியுமா? உங்க சர்டிபிகேட் வந்ததுக்கு அப்புறம்."

"... எந்த சர்டிபிகேட்டா? நல்லா இருக்கு! நீங்கதானே மேடையில வாசிச்சீங்க. நம்ம பிள்ளைங்க அவங்கவங்க வீட்டுக் குழாய்த் தண்ணியப் பிடிச்சு அந்த நாட்டுக்கு அனுப்புவாங்க, அந்தப் பிள்ளைங்க அதச் சோதிச்சு முடிவு சொல்லுவாங்க, தண்ணியால நட்பு வளரும்னு... மைக்கப் பிடிச்சா விடமாட்டீங்களே. ... ஆமா, ஆமா, நல்ல திட்டம்தான். யாரு இல்லன்னா? ... அங்கிருந்து பதில் வந்துச்சே, உங்க தண்ணி படு சுத்தம், அப்படியே குடிக்கலாம்னு, சிரிச்ச மூஞ்சியெல்லாம் வரைஞ்சு? அத என் பொண்ணு சமையக்கட்டுக் குழாய்க்கு மேல ஒட்டிவச்சா சார். ஒட்டிவச்சுட்டு, அக்கா அனுப்பின தண்ணிடா, பாஸாயிடுச்சுடா, குடிடான்னு அவ கையாலயே பிடிச்சு தம்பிக்குக் குடுத்தா."

"இப்போ நீங்க சொல்லுங்க. எங்க தெருத் தண்ணி எப்படி சார் படு சுத்தமாச்சு? ... வழியிலயா? பிளேன்ல ஏத்தினா அழுக்கு இறங்கிடுமோ? ... ஓ, அந்தப் பிள்ளைங்க சரியா சோதிக்கலயா. பாவம், பழி அதுங்க மேலயா. ... சரி... சரி சார், இருங்க. காலையில டிரெஸ் மாட்டப் போனேனே, மேடைக்குப் பின்னால ஒரு அட்டப்பெட்டி இருந்துச்சு. பிள்ளைங்க பிடிச்சுக் குடுத்த பாட்டில் அத்தனையும் அதுக்குள்ள கிடக்கு. பாட்டில் மேல இருக்கிற என் பொண்ணு கையெழுத்து எனக்குத் தெரியாதா? ..."

"... அட, இப்போ ஞாபகம் வந்துடுச்சாக்கும்! ... கலர் நல்லால்லையா? ... ஆமா, நல்லால்லதான். அதுக்குத்தானே சோதனை! ... வெளிநாட்டுக்காரங்க நம்மளப் பத்தி என்ன நினைப்பாங்கன்னு... கடைத் தண்ணிய வாங்கி ஊத்தி, லேபிளக் கம்ப்யூட்டர்ல அழகா அடிச்சு ஒட்டி... அடடா, என்ன ஒரு மானம் உங்களுக்கு! விருந்தாளி வர்றாங்கன்னு பக்கத்து வீட்டு நாற்காலிய இரவல் வாங்கிப் போடுறவங்களப் பார்த்திருக்கேன். சோதனைக்கு இரவல் தண்ணி அனுப்பின ஆள இப்பத்தான் சார் பார்க்கிறேன். மறைக்கணும்னா என்கிட்ட சொல்லியிருக்கலாமே, லைனிங் வச்சுத் தச்சுக் குடுத்திருப்பேனே!"

"... நான் கத்தல. இது என் சாதாரணக் குரல். ... ஆஸ்பத்திரிச் செலவா? அத நாங்க பாத்துக்கிறோம். ... அடுத்த தடவ இவள அந்த நாட்டுக்குக் கூட்டிட்டுப் போறீங்களா? முதல்ல அவ கட்டிலுக்கு அடியில இருந்து வெளிய வரட்டும் சார், அந்த நாடு அப்புறம். ... ஐயோ, நாளைக்கு விழாவுல வந்து நான் எதுவும் பேசமாட்டேன், பயப்படாதீங்க. நீங்க ஆத்துக்கு ஆரத்தி எடுங்க, அணைக்கட்டுக்கு மால போடுங்க, எனக்கென்ன."

"... எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். அவகிட்ட நீங்க பேசணும். ... நான் சொல்லாமயா இருப்பேன்? தொண்டத்தண்ணி வத்தச் சொல்லிட்டேன். பாட்டிலையே கொண்டுவந்து காட்டினேன். இது நான் ரெண்டாவதாப் பிடிச்சது, முதல்ல பிடிச்சத சார் அனுப்பிட்டாருங்கிறா. சமாதானத்துக்கு நான் கதை கட்டுறேனாம். சார் பொய் சொல்லமாட்டாராம்! உங்கள அவ்வளவு உசத்தியா வச்சிருக்கா, என் தலையெழுத்து. ... தம்பிக்கு நான்தான் விஷம் குடுத்தேன்னு முணுமுணுத்துக்கிட்டே கிடக்கா சார். ... தண்ணிய மாத்தினது நான்தாம்மா, உன்மேல தப்பில்லன்னு சொல்லுங்க. இவ்வளவுதான். ஒரு வாய் வார்த்த. ... பேசுறீங்களா? ... அப்பாடா. இருங்க, இதோ அவகிட்டப் போறேன்."

போனைக் காதிலிருந்து எடுக்காமலே உள்ளே போனாள். மடங்கி உட்கார்ந்து கட்டிலுக்கு அடியில் குனிந்தாள்.

"இந்தாம்மா, சார் பேசுறாரு. ... சார், குடுக்கிறேன், பேசுங்க. ... சார்? ... சார்?"

வைத்துவிட்டார். திரும்பப் போட்டுப் பார்த்தாள், சுவிட்ச் ஆஃப். இரண்டு நாட்டுப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் பாடம் நடத்துகிற பெரிய மனிதருக்கு ஒரு குழந்தையிடம் உண்மையைச் சொல்ல நாக்கு எழவில்லை. அவளுக்கு வந்த ஆத்திரத்தில் போனைச் சுவரில் அடித்திருப்பாள். பெரியவள் தலையைத் தூக்கி, சார் என்ன சொல்கிறார் என்று அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். காய்ந்து வெடித்த உதடு.

அவள் போனை மறுபடி காதில் வைத்துக்கொண்டாள்.

"ஹலோ... ஆங், சொல்லுங்க சார், நடுவுல கட்டாயிடுச்சு. ... ஆமா, பக்கத்துலதான் இருக்கா. ... என்னது? நீங்களே மாத்திட்டீங்களா? ... அவ பிடிச்ச தண்ணி அங்க போகவே இல்லையா? ... அப்போ என் பொண்ணுமேல ஒரு தப்பும் இல்லங்கிறீங்க. ... அட, அழாதீங்க சார். இவ்வளவு பெரிய ஆளு இப்படித் தேம்பித் தேம்பி அழலாமா? ... அவகிட்டப் பேச வெக்கமா இருக்கா? இருக்கும் சார், இருக்கணும். ... சரி, நானே சொல்லிடறேன். ... தண்ணி குடிக்கச் சொல்றீங்களா? சொல்றேன். ... ம்... ம்... ஆமா சார், கேட்டுக்கிட்டுத்தான் இருக்கா. ... வர்றா. மெதுவா வெளிய வர்றா. ... வச்சிடாதீங்க சார், இன்னும் கொஞ்ச நேரம் இருங்க..."