மாப்பிள்ளையின் காலும் மேற்கு மேகமும்

எனக்குக் குடி, சிகரெட் எதுவும் கிடையாது, சோமசேகரம் மாமா. இடி மின்னல் என்றால் கமெராவைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன், அவ்வளவுதான். உங்கள் மகன் தர்சன் மூன்று நாளாக எங்கள் வீட்டில் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு கிடப்பதற்கு என்னை விசாரிக்கிறீர்கள். விசாரியுங்கள். நான் எதையும் ஒளிக்கப்போவதில்லை.

ஐந்து வருடமாக எனக்கு ஒரு நல்ல படம் அகப்படவில்லை. நான் சல்லிக் கடற்கரைக்குப் போனால் லிங்கநகரில் எங்கள் வீட்டுக் கூரைக்கு மேலே மின்னும். வீட்டில் இருந்தால் சல்லியில் மின்னும். மனிதன் எவ்வளவுதான் பொறுப்பான்? அந்த நேரத்தில்தான் தங்கை தயாளினிக்கும் தர்சனுக்கும் கலியாணம் முற்றாகியது. மழை வராது என்று நீங்களே ஆவணியில் நாள் வைத்தீர்கள். அன்றைக்கும் மின்னலுக்கு வழியில்லை என்று எனக்கு நெஞ்சு வெடித்துவிட்டது.

பச்சரிசி தின்றால் கலியாணத்தன்று மழை கொட்டும் என்று அம்மா தயாளினியைச் சின்ன வயதிலிருந்தே ஏசுவார். ஆகவே ஒரு கிண்ணத்தில் அரிசி, சீனி, தேங்காய்ச்சொட்டு எல்லாம் போட்டு, அவள் சாய்ந்திருந்து ரீவி நாடகம் பார்க்கும் கதிரைக்குப் பக்கத்தில் தினமும் வைத்தேன். நான் வைத்தேன், அவள் தின்றாள். மூன்று மாதத்தில் பதினாறு சுண்டு அரிசி.

"அண்ணாவுக்கு என்னில எவ்வளவு பாசம்," என்று கண் கலங்கினாள். பாசம் இல்லையென்று யார் சொன்னது?

கலியாணத்தன்று பின்னேரம் மூன்றரைக்குக் கன்னியாப் பக்கத்தில் மேகம் கறுத்தது. உப்புவெளிக் கடற்கரைப் பந்தல் வரைக்கும் அது வர அரை மணித்தியாலம் ஆகும். தர்சனோ அதற்குள் வாசலுக்கு வந்துவிட்டார். பெண்ணின் சகோதரன் கால் கழுவிவிட்டால்தானே மாப்பிள்ளை உள்ளே போகலாம்? கழுவினேன். ஆறுதலாகக் கழுவினேன். வலது கையில் அவருடைய கால், இடது கையில், எனக்குப் பின்னால் ஸ்டாண்டில் நின்ற கமெராவின் ரிமோட்.

"மச்சான், கழுவினது காணும். கால் வெளுத்துப்போச்சு," என்றார்.

"கொஞ்சம் பொறுங்கோ மச்சான், சுண்டுவிரல் இன்னும் கிடக்கு."

"தம்பி, நாலரையோட முகூர்த்தம் முடியுது!" என்று நீங்களும் கத்தினீர்கள். ஓம், கேட்டது. முகூர்த்தம் தவறினால் நீங்கள் மகனைக் கூட்டிக்கொண்டு போய்விடுவீர்கள் என்பதும் தெரியும். உள்ளே தயாளினி அழுததும் கேட்டது. ஆனால் மேகம் வர இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. மற்றக் காலைத் தொடங்கினேன்.

பிறகு வந்தது, மாமா. மாப்பிள்ளையின் தலைப்பாகைக்கு நேர் பின்னால் வானம் இரண்டாகக் கிழிந்தது. நான் ரிமோட்டை அமத்தினேன். பந்தல் எழும்பி உங்கள் அக்காவின் மேல் இறங்கியது. அது காற்றின் வேலை, அதை என் தலையில் போடாதீர்கள். நாலரைக்கு இரண்டு நிமிடம் இருக்கையில், கொட்டும் மழையில் தெப்பமாக நனைந்து, சாப்பாட்டு மேசைக்குக் கீழே குந்தியிருந்து தர்சன் தாலி கட்டினார். மூன்று முடிச்சுக்கு மூன்று தும்மல். ஆக, யாருக்கு என்ன நட்டம்?

தயாளினி என்னோடு கதைப்பதில்லை. அது சுடுகிறது, பொய் சொல்ல மாட்டேன். படத்தைப் பெரிதாக்கி, கண்ணாடி போட்டு அவளுக்குக் கொடுத்தேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இனி இப்படிச் செய்வதில்லை என்று அம்மாவின் தலையில் கைவைத்துச் சத்தியம் பண்ணிவிட்டேன். திருந்திவிட்டேன், மாமா.

அது கிடக்கட்டும், உங்கள் மகள் லோஜினிக்கு எப்போது கலியாணம்? நேற்று அண்ணனைப் பார்க்க வந்தபோது பிள்ளைக்கு நல்ல பசி. முழுக் கிண்ணத்தையும் தின்றுவிட்டது.