என் இதயமும் அவள் மாத்திரையும்

தலையணை விஷயத்தில் நான் கொஞ்சம் கறாரான ஆள். ரொம்ப மெத்தென்று இருந்தாலும் ஆகாது, கட்டை மாதிரி இருந்தாலும் ஆகாது. நீங்கள் சிரிக்கலாம், ஐயா. படுத்ததும் குறட்டை விடுகிற பாக்கியவான்களுக்குத் தலையணை வெறும் பஞ்சுப் பொதி. என்னைப் போன்றவனுக்கு அது பாதி வாழ்க்கை.

என் உபத்திரவம் இதுதான். விழித்திருக்கும் வரை ஒன்றும் இல்லை. கண் சொக்கும், கை கால் தளரும். இதோ தூங்கிவிட்டோம் என்கிற நேரம் பார்த்து நெஞ்சு திடுக்கென்று ஒரு துள்ளு துள்ளும். பிறகு படபடவென்று அடித்துக்கொள்ளும். எழுந்து உட்கார்ந்தால் அடங்கிவிடும். படுத்தால் மறுபடியும் முதலிலிருந்து. தினமும் கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத கதைதான்.

என் மனைவிக்கு இது வேடிக்கை. முன்னறையில் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு, ஊரார் கால்சட்டைகளுக்கெல்லாம் நீளம் குறைத்து ஜிப் மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வாயில் குண்டூசி இருக்கும்போதும் கிண்டல் நிற்காது. "உங்க நெஞ்சுக்கு என்னங்க, பகல் பூரா சும்மா கெடக்கு. படுத்தப்புறம்தான் அதுக்கு வேலை ஞாபகம் வருது" என்பாள். கட்டிய கணவன் உயிருக்குப் பயந்து கிடக்கும்போது பேசுகிற பேச்சா இது? ஆனாலும் எழுப்பினால் எழுந்து உட்காருவாள். என் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, நான் தூங்குகிற வரை அப்படியே இருப்பாள். அந்த நன்றியை நான் மறக்கவில்லை. அதையும் உங்கள் குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசியில் டாக்டரிடம் போனோம். துணைக்கு வந்தவளைப் பார்த்து அவர், "மாடிப்படி ஏறினதுக்கே இப்படி மூச்சு வாங்குதே, நீங்களும் ஒரு தடவை படுங்கம்மா" என்றார். இருவருக்கும் ஒரே கட்டில், ஒரே ஈ.சி.ஜி. மெஷின், வயரை ஒட்டியதும் ஒரே பெண். முடிவு வந்தது. என் இதயத்தில் ஒரு குறையும் இல்லையாம். தூக்கம் பிடிக்கும்போது நிறையப் பேருக்கு இப்படி ஆகுமாம். காப்பியையும் கவலையையும் குறைத்தால் போதுமாம். என் வாயை அடைக்க, சப்பிச் சாப்பிடுகிற ஒரு சத்து மாத்திரை எழுதினார். அவள் இதயம்தான் தாளம் தப்பி அடிக்கிறதாம். அவளுக்கு உண்மையான மாத்திரை. ஒரு வேளைகூட விடக் கூடாதாம், திடீரென்று நிறுத்தினால் ஆபத்தாம்.

நான் பத்திரிகை அலுவலகத்தில் பிழை திருத்துகிறவன். இரண்டு படங்களுக்குக் கீழே விவரம் இடம் மாறுவது எங்கள் தொழிலில் தும்மல் மாதிரி சகஜம். வணிகர் சங்கத் தலைவர் படத்துக்குக் கீழே 'அதிகப் பால் கறந்து முதல் பரிசு' என்று இருந்ததைக் கடைசி நிமிடத்தில் பிடித்தவன் நான். முனகாமல் மெஷின் மிதிக்கிறவளுக்கு நோயாம், படுக்கையில் துடிக்கிறவனுக்கு ஒன்றுமில்லையாம். எங்கே விவரம் மாறியிருக்கிறது என்று எந்தப் பிழை திருத்துபவனும் சொல்லிவிடுவான். டாக்டரிடமும் சொன்னேன். "மாறல சார். சந்தேகமா இருந்தா இப்பவே இன்னொரு தடவை எடுத்துப் பாத்துடலாம்" என்றார். வேண்டாம் என்றேன். படித்த மனிதரை எதற்குச் சங்கடப்படுத்துவது?

அவள் தன் மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து, மறக்காமலிருக்க ஒரு குண்டூசி டப்பாவில் போட்டு மெஷின் மேலேயே வைத்திருந்தாள். நான் அவற்றை எடுத்துக்கொண்டு, என் சத்து மாத்திரைகளை அதில் போட்டேன். இரண்டும் வெள்ளை, இரண்டும் வட்டம். அவள் புது அட்டை வாங்கிப் பிரிக்கும்போதெல்லாம் இதையே செய்தேன். நீங்கள் திருட்டு என்கிறீர்கள். எங்கள் அலுவலகத்தில் இதற்குத் திருத்தம் என்று பெயர்.

படபடப்பு நின்றுவிட்டது. துள்ளல் இல்லை, திடுக்கிடல் இல்லை. பால் குடித்த குழந்தை மாதிரி தூங்கினேன். இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

ஒரு நாள் அவள் கேட்டாள். "இந்த மாத்திரை என்னங்க, இப்பல்லாம் இனிக்குது?"

"உடம்பு தேறினா நாக்கும் தேறும்" என்றேன்.

"அப்ப உங்க நாக்கு எப்பங்க தேறும்?" என்று சிரித்தாள். சிரித்து முடிக்க அவளுக்கு மூச்சு போதவில்லை.

அதன் பிறகு கொஞ்சம் தளர்ந்துதான் போனாள். துணி மூட்டையோடு படி ஏறும்போது நடுவில் உட்கார்ந்துவிடுவாள். ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை என்று கால்சட்டைகள் திரும்பி வந்தன. கணுக்கால் வீங்கியது. என் மீது புகார் கொடுத்திருக்கிறானே என் மச்சினன், அந்த எலக்ட்ரீஷியன், அவன் ஒரு முறை ஃபேன் மாட்ட வந்தான். "அக்கா மூஞ்சி வெளுத்துப் போயிருக்கு மாமா. டாக்டர்கிட்ட மறுபடி காட்டலாமா?" என்றான். மாத்திரையைத்தான் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளே என்றேன். அதில் பொய் எங்கே இருக்கிறது? அவள் ஒழுங்காகத்தான் சாப்பிட்டாள். தவிர, டாக்டரிடம் போனால் அவர் மாத்திரையை மாற்றி எழுதிவிடுவார். எனக்கு நன்றாக ஒத்துக்கொண்டதை எதற்கு மாற்ற வேண்டும்?

கேட்டுவிட்டீர்கள், சொல்லிவிடுகிறேன். அந்தச் சமயத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது, எதுவும் இடம் மாறவில்லை என்று. வீங்கிய காலைப் பார்த்தால் யாருக்கும் தெரியும். ஆனால் அச்சேறிய பிறகு பிழை கண்ணில் பட்டால் எங்கள் தொழிலில் செய்யக்கூடியது ஒன்றுதான், வேறு யாரும் கவனிக்கக் கூடாதே என்று வேண்டிக்கொள்வது. நானும் வேண்டிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் பாதித் தையலில் மெஷின் நின்றது. போய்ப் பார்த்தேன். ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தாள். "நெஞ்சை அடைக்குதுங்க. அந்த மாத்திரையக் குடுங்க" என்றாள். அவள் குரலில் கிண்டல் இல்லாமல் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பயந்துபோனேன். விழித்திருக்கும்போதே என் இதயம் அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. என் சட்டைப் பையில் இரண்டு மாத்திரைகள் இருந்தன. ஒன்றை வாயில் போட்டு விழுங்கினேன். டப்பாவிலிருந்து அவளுடையதை எடுத்து அவள் கையில் வைத்தேன்.

அவள் அதை வாயில் போடவில்லை. என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்களுக்கு எதுக்குங்க அது?" என்றாள். அவள் கடைசியாகப் பேசியது அதுதான். என் படபடப்பு அடங்கியதும் ஆம்புலன்சுக்குப் போன் செய்தது நான்தான். அதை மச்சினன் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டான். டப்பாவை மருந்துக்கடையில் காட்டி விசாரித்ததை மட்டும் மறக்காமல் சொல்லியிருப்பான்.

பையில் இன்னொரு மாத்திரை மிச்சம் இருந்ததே, அதையாவது கொடுத்திருக்கலாமே என்கிறீர்கள். கொடுத்திருக்கலாம். ஆனால் பெண்டாட்டி அந்த நிலைமையில் கிடக்கும்போது, அன்று ராத்திரி அது இல்லாமல் எனக்கு எப்படி ஐயா தூக்கம் வரும்?