வேர் மூடாத பல்

— பல்லுல ஐஸ் வச்சதும் கூசுச்சுன்னா கையத் தூக்கணும், சரியா? இந்தா, வைக்கிறேன். கூசுதா?

— இல்ல.

— கண்ணுல தண்ணி வருது, கூசலங்கிற.

— கொஞ்சம்.

— நல்லதும்மா. கூசினா உள்ள உயிரு இருக்குன்னு அர்த்தம். எப்ப உடைஞ்சது?

— நேத்து காலையில டாக்டர். எதுக்குச் சொல்றேன்னா, பாத்ரூம்ல வழுக்கி விழுந்து குழாயில இடிச்சுக்கிட்டா. நான் இவளுக்கு அத்தை. நரம்ப எடுத்துட்டு ஒரு கேப் போட்டு விட்டுருங்க. திங்கக்கிழமை மெடிக்கல் இருக்கு.

— என்ன மெடிக்கல்?

— வெளிநாட்டு வேலைக்கு. ஒரு வீட்டுல தங்கி வேலை பாக்கணும், பிள்ளைங்களப் பாத்துக்கணும். ஒன்பதாம் தேதி ஃப்ளைட். பல்லு உடைஞ்சிருந்தா ஆளு சரியில்லன்னு தள்ளிருவாங்க.

— வயசு?

— பத்தொன்பது. ஃபார்ம்ல போட்டிருக்கேனே.

— இங்க வந்து இந்தப் படத்தப் பாருங்க. இதுதான் உடைஞ்ச கோரைப்பல்லு. கீழ வேர் நுனி தெரியுதா? ஒரு முழுசான வேர் பென்சில் முனை மாதிரி கூம்பி மூடியிருக்கும். இது குழாய் வாய் மாதிரி திறந்து கிடக்கு.

— வியாதியா?

— வியாதி இல்லம்மா, வளர்ற பல்லு. நரம்ப எடுத்துட்டா வளர்ச்சி அப்படியே நின்னுரும். சுவர் மெலிசாவே இருக்கும், கொஞ்ச நாள்ல மளுக்குனு உடையும். உடைஞ்ச இடத்துல இருக்கிற சதைய மட்டும் கொஞ்சம் எடுத்துட்டு, மருந்து வச்சு மூடிட்டா, உள்ள இருக்கிறது உயிரோட இருந்து வேரக் கட்டி முடிச்சுக்கும். ஆனா அப்பப்ப வரணும். படம் எடுத்துப் பாக்கணும்.

— அதுக்கெல்லாம் நேரம் இல்ல டாக்டர்.

— யாரக் கேக்கணுமோ கேட்டுட்டு வாங்க.

— எங்க அண்ணனத்தான் கேக்கணும், இவ அப்பா. வெளிய போய்ப் பேசிட்டு வரேன். நீ வாய மூடாம இரு.

— ஊசி போடறேம்மா. எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும். அவ்வளவுதான், முடிஞ்சிருச்சு. ரெண்டு நிமிஷம் போகட்டும்... மரத்துப் போச்சா?

— எது?

— உதடு.

— உதடும்.

— குழாயில இடிச்சவங்க நிறைய பேர் இந்த நாற்காலியில உக்காந்திருக்காங்க. எல்லாருக்கும் உதடு கிழிஞ்சு வீங்கியிருக்கும். உனக்கு ஒரு கீறல் இல்ல. அத்தை வெளிய போன்ல இருக்காங்க. கண்ணாடி வழியா முதுகுதான் தெரியுது.

— உதட்டத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டேன்.

— நீயேவா?

— முன்னாடி பல்ல இடிக்கலாம்னுதான் பாத்தேன். சிரிச்சா அசிங்கமா இருக்கும். அதான் பக்கத்துப் பல்லு.

— எத்தனை வயசு உனக்கு?

— பாஸ்போர்ட்ல பத்தொன்பது.

— பாஸ்போர்ட்ட நான் கேக்கல.

— பதிமூணு. போன மாசம் ஆச்சு.

— எந்த வகுப்பு?

— எட்டாவது. பரீட்சை வரைக்கும் விடுங்கன்னு அப்பாவக் கேட்டேன். போற இடத்துல பரீட்சை கேக்க மாட்டாங்கன்னு சொல்லிட்டார்.

— இத நான் அத்தைகிட்ட சொன்னா உன்ன அடிப்பாங்களா?

— அத்தை யாரையும் அடிக்காது. பெட்டி கட்டும். அக்காவுக்கும் அதுதான் கட்டுச்சு.

— அக்கா போன் பண்றாளா?

— முதல்ல பண்ணுவா.

— சொல்லட்டுமா அத்தைகிட்ட? வேண்டாம்னா வேண்டாம்.

— சொல்லுங்க. எனக்கு வாய் மரத்துப் போச்சு.

— அண்ணன்கிட்ட பேசிட்டேன் டாக்டர். நரம்ப எடுத்துரச் சொல்லிட்டாங்க. எதுக்குச் சொல்றேன்னா, ஆம்பிளைங்களுக்குத் தேதிதான் முக்கியம்.

— நான் எடுக்க மாட்டேன்.

— அப்ப வேற இடம் பாத்துக்கறோம். எந்திரிடி.

— உக்காருங்கம்மா, பாதி வேலையில இருக்கு. இந்தப் படத்த எந்தப் பல் டாக்டர்கிட்ட காட்டினாலும் பத்தொன்பதுன்னு நம்ப மாட்டாங்க. இந்தக் கோரைப்பல்லு மட்டும் இல்ல, பின்னாடி கடைவாய்ப்பல்லு வேரும் திறந்துதான் கிடக்கு.

— சத்தில்லாம வளர்ந்த பிள்ளை டாக்டர். அம்மா இல்லாத வீடு.

— சத்தில்லன்னா மாசக்கணக்குல பிந்தும். ஆறு வருஷம் பிந்தாது. இன்னொண்ணும் இருக்கு. இவ விழல.

— பின்ன?

— தானா உடைச்சுக்கிட்டா. போகக் கூடாதுன்னு. தண்ணி வேணுமாம்மா உங்களுக்கு?

— வேண்டாம். ஏய், இங்க பாரு. எத்தனை தடவை இடிச்ச?

— மூணு.

— முதல் தடவையே வலிச்சிருக்குமே.

— வலிச்சுது. உடையல.

— சத்தம் எனக்குக் கேட்டுச்சு டாக்டர். வாளி இடிக்குதுன்னு நினைச்சுக்கிட்டு துணி மடிச்சுக்கிட்டு இருந்தேன்.

— நீங்க என்ன பண்ணியிருக்க முடியும்...

— நான் ஒரே தடவைதான். கொதிக்கிற தண்ணி, நானே ஊத்திக்கிட்டேன், இந்தக் கையில. முழங்கை வரைக்கும்.

— அத்தை, அது சமையல்ல பட்டதுன்னு சொன்னீங்க?

— அப்படித்தான் சொல்லச் சொன்னாங்க. பன்னெண்டு வயசு. கொப்புளம் உடைஞ்சு தோல் வர இருபது நாள் ஆச்சு. இருபத்தோராம் நாள் முழுக்கைச் சட்டை போட்டு ஏத்தி விட்டாங்க. பத்தொன்பது வருஷம் கழிச்சுத்தான் வந்தேன். வந்ததும், போன அனுபவம் இருக்கு, நீயே பிள்ளைங்களத் தயார் பண்ணுன்னு அண்ணன் சொன்னான். பண்ணினேன். இவ அக்காளயும் சேர்த்து எத்தனையோ பேர். எதுவும் தோணல டாக்டர். துணி மடிக்கிற மாதிரிதான் இருந்துச்சு.

— பாருங்கம்மா, நான் ரெண்டு விஷயம் செய்யணும். மருந்து வச்சுப் பல்ல மூடிட்டு, சீட்டுல இவ உண்மையான வயசப் போடுவேன். அப்புறம் குழந்தைகள் பாதுகாப்பு ஆபீஸுக்குப் போன் பண்ணுவேன். உங்க பேரும் வரும்.

— வரட்டும். நானே பேசறேன்.

— அத்தை, அப்பா?

— அப்பாவ நான் பாத்துக்கறேன். நீ வாயத் திற, டாக்டர் வேலை செய்யட்டும். டாக்டர், சீட்டுல எத்தனை நாளுக்கு வைத்தியம்னு எழுதுவீங்க?

— வேர் மூட ஒன்றரை வருஷம் ஆகும். அதுவரைக்கும் எங்கயும் அனுப்பக் கூடாதுன்னு எழுதறேன்.

— ஒன்றரை வருஷம் பத்தாது டாக்டர். அதுக்குள்ள இவளுக்குப் பதினஞ்சுகூட ஆகாது.