குட்டியூர் மேஸ்திரியும் மணிக்கூண்டும்

மேடையில் அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே, சுற்றுலாக் குழு உறுப்பினர்களே, பட்டறைத் தோழர்களே, மேஸ்திரியின் துணைவியாராகிய என் தங்கையே! எனக்கு இரங்கல் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. வரைபடம் போடுவதே என் தொழில். நாக்குக் குழறிவிடுமோ என்ற பயத்தில் குறிப்பெழுதி வந்திருக்கிறேன்.

1. மேஸ்திரி எழுப்பிய குட்டியூர்.
2. திறப்பு விழாவில் நடந்த விபத்து.
3. நாம் ஏற்க வேண்டிய உறுதி.

முதலாவது. நம் நகரத்தை இருபத்தைந்தில் ஒரு பங்காகச் சுருக்கி, முழங்கால் உயரத்தில் நிறுத்தியவர் யார்? நம் மேஸ்திரி! கடைவீதி, பள்ளிக்கூடம், ரயில் நிலையம், இரும்பில் வார்த்த மணிக்கூண்டு. எதிலாவது பொய் உண்டா? நாங்கள் ஒரு ஜன்னலைக் கூட்டி வைத்துவிட்டால் சம்மட்டியை எடுப்பார். ஒரே போடு! வீடு சில்லுச் சில்லாகச் சிதறும். "இல்லாத ஜன்னல் வழியா எவன்டா எட்டிப் பார்ப்பான், உங்க தாத்தாவா?" என்பார்.

மண்டிக்கார அண்ணன் தம்பியை அறிவீர்கள். பாகம் பிரித்த வீட்டில் தம்பியின் பாதி சற்றுத் தாழ்வு. திறப்பு விழாவுக்கு முன் தம்பி பட்டறைக்கு வந்தார்.

"ஒரு விரற்கடை தூக்கி வைங்க மேஸ்திரி. யாருக்குத் தெரியப் போகுது?"

"உனக்குத் தெரியும்ல? மொதல்ல உன் வீட்டைத் தூக்கிக் கட்டு. அப்புறம் நான் இதைத் தூக்கறேன்."

அப்படிப்பட்டவர்!

இரண்டாவது. நாடா வெட்டியானதும் மக்கள் கயிற்றுக்கு வெளியே நின்று அவரவர் வீட்டைத் தேடினார்கள். அண்ணன் உரக்கச் சிரித்தார். "பாருடா, பொம்மை ஊருலகூட நீ எனக்குக் கீழதான்!"

தம்பி கயிற்றைத் தாண்டி அண்ணனின் பாதியை உதைத்தார். ஓடுகள் பறந்தன. அண்ணன் பாய்ந்தார், பள்ளிக்கூடம் ஒரு காலின் கீழ், ரயில் நிலையம் மறுகாலின் கீழ்! தம்பி தண்டவாளத்தைப் பிடுங்கி அண்ணன் தோளில் இறக்கினார். சதை கிழிந்தது. அண்ணன் மணிக்கூண்டை அடியோடு பெயர்த்தார். கூட்டம் சிதறி ஓடியது. என் கால்கள் நகரவில்லை.

"வெளிய வாங்கடா! நடுத்தெருவுல நின்னா அடிச்சிக்குவீங்க?" என்று மேஸ்திரி இடையில் புகுந்தார். மணிக்கூண்டு சுழன்றது. தம்பி குனிந்தார். மேஸ்திரியின் நெற்றி பிளந்தது.

அவர் கால் இடறி மணிக்கூண்டின் மேல் விழுந்ததாகக் குழுவின் அறிக்கை சொல்கிறது. அன்பர்களே, அவர் விழவில்லை. மண்டியிட்டு நெற்றியைப் பொத்தியிருந்தார். தம்பி ஓடிவிட்டார். அடிக்க எதிரி இல்லை. அண்ணனோ, "உன் அளவாலதான்டா எல்லாம்!" என்று கத்தினார். மணிக்கூண்டை ஓங்கினார். இறக்கினார். மறுபடியும் ஓங்கினார். மறுபடியும் இறக்கினார்! கடைவீதியின் சாக்கடையில் ரத்தம் ஓடியது.

நீரடித்து நீர் விலகாது என்பார்கள். மெய்தான்! அந்த இருவரும் இன்று முன்வரிசையில் ஒரே மலர்வளையத்தைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருக்கிறார்கள். விலகியவர் மேஸ்திரி ஒருவர்தான்.

தலைவர் அவர்கள் என் சட்டையை இழுக்கிறார். "பெரியவரே, மூணாவதுக்குப் போங்க" என்கிறார். போகிறேன் ஐயா.

குட்டியூரை மீண்டும் எழுப்புவோம். அதே அளவில் எழுப்புவோம். தம்பியின் பாதி ஒரு விரற்கடை தாழ்ந்தே இருக்கும்! அந்த உறுதி எல்லோருக்கும் பொது. என் உறுதி ஒன்று தனியே உண்டு. இன்று காலை தங்கை கேட்டாள்: "அண்ணே, கால் தடுக்கிச்சுன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க?"

இருந்தேனம்மா. கூட்டம் முடிந்ததும் உன்னோடு காவல் நிலையத்துக்கு வருகிறேன். பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் வருகிறேன்.

உட்காரும் முன் ஒரு திருத்தம். இரண்டாவது குறிப்பில் விபத்து என்று எழுதியிருந்தேன். தவறு. அது கொலை.